ஓசூர் போய் வந்த எலெக்ட்ரிக் பைக்

என் சகலை முரளி ஒரு பொய்யன். இதை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபம் வந்து, தணிந்து, மறுபடியும் வந்து, இப்போது வாடகை கொடுக்காத ஆள் மாதிரி எங்கள் வீட்டிலேயே குடியிருக்கிறது. அதனால் நிதானமாகவே சொல்கிறேன். முரளி பொய்யன்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஐ.டி. வேலை, அங்கேயே அபார்ட்மென்ட். நானும் எலெக்ட்ரானிக் சிட்டியில்தான் வேலை பார்க்கிறேன். ஆனால் ஐ.டி.யில் இல்லை. ஐ.டி.க்காரர்களை வீட்டிலிருந்து ஆபீஸுக்குக் கூட்டிவரும் கேப்களை அனுப்புகிற டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் ஏன் லேட், யாருக்கு ஃபைன் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அடுத்தவர்களை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது (என்று நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொன்னதில்லை).

எங்கள் வீடு லிங்கராஜபுரத்தில், மூன்றாவது மாடி. தினமும் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் வர வேண்டும். என் பழைய பெட்ரோல் பைக்கில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து, இடது கை மட்டும் பயில்வான் கை ஆகியிருந்தது. அந்த நேரத்தில்தான் முரளி எலெக்ட்ரிக் பைக் வாங்கினான். ஸ்கூட்டர் மாதிரி இல்லை. டேங்க், உயரமான பின்சீட்டு, முன்னால் குனிந்து பிடிக்கிற ஹேண்டில் என்று அசல் பைக். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, சத்தம் கிடையாது. பார்த்த அன்றே எனக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க சகல. நாங்க ஆயுத பூஜைக்கு வேலூர் போறோம். வண்டி சும்மாதான் நிக்கும்" என்றான்.

அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஹோட்டலில் பில் வரும் நேரம் பார்த்துக் கை கழுவப் போகிறவன் முரளி. அவன் தானாக முன்வந்து ஒரு பொருளைக் கொடுக்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. எனக்கு அது உறைக்கவில்லை. வண்டியின் மேல் இருந்த மோகம்.

என் மனைவி கவிதாவுக்கு அந்த மோகம் இல்லை. அவள் லேப் டெக்னீஷியன். எங்கள் ஏரியாவில் ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் காலையிலிருந்து மாலை வரை நின்றபடி ரத்தம் எடுக்கிறாள். பி.எஃப். கிடையாது, லீவு எடுத்தால் சம்பளம் கிடையாது, உட்கார நாற்காலி கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வருஷக்கணக்கில் விண்ணப்பம் போட்டுப் பார்த்துவிட்டாள். கடைசியில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஆஸ்பத்திரி அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. நிரந்தர வேலை. பூஜை விடுமுறை முடிந்த மறுநாள், காலை பத்து மணிக்குள் வந்துவிட வேண்டும். இதுதான் விஷயம். மற்றதெல்லாம் இதைச் சுற்றி நான் ஆடிய கூத்து.

வண்டி வந்த அன்றே கவிதா குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, சார்ஜ் எங்க போடுவீங்க?"

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டை இணைத்து, மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து கீழே தொங்கவிட்டேன். கீழ் வீட்டில் இருக்கிற ஓனர் ஸ்டெல்லா ஆன்ட்டி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா இது, என் ஜன்னல் முன்னாடி பாம்பு தொங்குது?"

"வண்டிக்கு சார்ஜ் ஆன்ட்டி."

"மழை வந்தா வண்டிக்கு மட்டும் ஏறுமா, எனக்கும் ஏறுமா?"

ஒரு வாரம்தான் என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன். பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். அது கழலாது. வண்டியோடு சேர்த்துச் செய்தது. அப்புறம் கவிதா பின்சீட்டில் ஏறிப் பார்த்தாள். பிடிக்கக் கம்பி இல்லை. புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் போடுவார்களே, அந்தத் தடுப்பும் இல்லை. இன்டர்வியூவுக்கு என்று கஞ்சி போட்டு வைத்திருந்த காட்டன் புடவையை மறுபடியும் பீரோவில் வைத்தாள்.

"இவ்ளோ பெரிய டேங்க். உள்ள பெட்ரோலும் இல்ல. ஒரு ஃபைல் வைக்க இடமும் இல்ல. அப்ப எதுக்குங்க இது?"

"லுக்குக்கு."

"யாரு பாக்கறதுக்கு?"

"உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்" என்று பேச்சை வெட்டினேன். ஒரு பொருளை வாங்கும் முன் அதன் குறைகளை எடைபோட வேண்டும் என்பார்கள். நான் போடவில்லை. எடைபோட்டவளின் வாயை அடைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்றைக்கு ஒவ்வொரு தெருவும் வாட்டர் சர்வீஸ் கடைதான். நானும் ஹோஸ் பைப்பைப் பிடித்து முரளியின் வண்டியைக் குளிப்பாட்டி, ஹேண்டிலின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டேன். பண்டிகைக்காக வந்திருந்த என் மாமியார் சந்தனம் குங்குமக் கிண்ணத்தோடு இறங்கி வந்தார். ஹெட்லைட்டுக்குப் பொட்டு, ஹேண்டிலுக்குப் பொட்டு, சக்கரத்துக்குப் பொட்டு. பிறகு நின்றார்.

"மாப்பிள்ளை, பெட்ரோல் போடற வாய் எங்க? அதுக்கு வெக்காம எப்படி?"

"இதுக்கு பெட்ரோல் இல்லைங்க அத்தை. கரண்ட்தான் சாப்பாடு." பெருமையாக டேங்கின் மேலிருந்த சின்ன மூடியைத் திறந்து காட்டினேன். "இதுதான் வாய்."

"அப்ப இதுக்குத்தான் மொதல்ல வெச்சிருக்கணும்" என்று அவர் மோதிர விரலால் சந்தனத்தைத் தாராளமாக எடுத்து உள்ளேயே அப்பினார். அதன் மேல் குங்குமம். அதன் மேல் ஒரு மல்லிகைப் பூ. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மூடியை மூடினேன்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் படுக்கப் போகும் முன் கீழே போய், தெருவிளக்கும் இல்லாத இருட்டில் தடவித் தடவிச் சார்ஜரைச் சொருகினேன். உள்ளே போக முரண்டு பிடித்தது. அழுத்தினேன். சார்ஜரில் சிவப்பு விளக்கு மின்னியது. ஆஹா, ஏறுகிறது என்று போய்ப் படுத்தேன். (சிவப்பு மின்னினால் ஏறவில்லை என்று அர்த்தமாம். பச்சைதான் ஏறுகிற விளக்காம். நான் கேப் டிரைவர்களுக்கு விளக்குகள் பற்றி வகுப்பு எடுப்பவன்.)

காலையில் பார்த்தால் முப்பத்தெட்டு சதவீதம் காட்டியது.

"கேப்ல போயிடலாங்க" என்றாள் கவிதா. சுடிதாரில், ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இரு, முரளியைக் கேப்போம்" என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். "முரளி, கவிதாவுக்கு இன்னைக்கு இன்டர்வியூ. ரெண்டு பேரும் உன் வண்டியில கிளம்பறோம். முப்பத்தெட்டுதான் காட்டுது. எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் தாங்குமா?"

"என்ன சகல இப்படிக் கேக்கறீங்க? முப்பது பர்சென்ட்ல நான் ஓசூரே போயிட்டு வந்திருக்கேன்!"

கவிதா அதைக் கேட்டாள். தங்கை வீட்டுக்காரன், படித்தவன், பொய் சொல்ல மாட்டான் என்று நம்பினாள். ஏறி உட்கார்ந்தாள். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. அவள் என்னை நம்பி ஏறவில்லை. அவனை நம்பி ஏறினாள்.

நெரிசலில் வண்டி வெண்ணெய் மாதிரிப் போனது. கால் சுடவில்லை, கை வலிக்கவில்லை. சில்க் போர்டு சிக்னலில் எல்லோரும் புகையில் இருமிக்கொண்டிருக்க, நான் மட்டும் மாப்பிள்ளை மாதிரி அமர்ந்திருந்தேன். டோல் மேம்பாலம் ஏறியதும் ரோடு காலியாக இருந்தது. வலது கட்டைவிரலுக்குப் பக்கத்தில் 'ஸ்போர்ட்' என்று ஒரு பட்டன். அமுக்கினேன்.

"மெதுவாங்க!" என்று கவிதா கத்தினாள். காற்றில் எனக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு இருந்தது பதினேழு ஆனது. பதினேழு பதினொன்று ஆனது. கடைசி விக்கெட்டுகள் விழுகிற மாதிரி எண்கள் விழுந்தன. ஸ்போர்ட்டை அணைத்தேன். விழுவது நிற்கவில்லை. திரையில் ஒரு ஆமை படம் வந்தது. அது படம் மட்டும் இல்லை, உத்தரவு. வண்டி ஆமை வேகத்துக்கு வந்தது. எங்களை ஒரு தண்ணீர் லாரி முந்தியது. பிறகு வண்டி, எந்தச் சத்தமும் இல்லாமல், நின்றது. எப்போது ஓடியது எப்போது நின்றது என்றே தெரியாத அளவுக்கு அமைதி.

பெட்ரோல் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தால் இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். இதைச் சாய்த்தேன். கிட்டத்தட்ட என் மேலேயே விழுந்தது. அவ்வளவு கனம். தள்ளிப் பார்த்தேன். எருமை மாதிரி நின்றது. வண்டியின் ஆப்பைத் திறந்து அருகில் சார்ஜிங் ஸ்டேஷன் எங்கே என்று தேடினேன். மிக அருகில் என்றது. எட்டிப் பார்த்தேன். உண்மைதான். மேம்பாலத்துக்கு நேர் கீழே இருந்தது. குதித்தால் போய்விடலாம்.

வாடகைக் கார் ஆப் எதுவும் மேம்பாலத்தின் நடுவுக்கு வர ஒப்புக்கொள்ளவில்லை. கவிதா கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தாள். அந்த வேகத்தில் வருகிறவர்கள் யாருக்கும் நிற்கும் எண்ணம் இல்லை. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. என்னுடைய கேப்கள் எல்லாம் இந்த வழியாகத்தானே வரும்! கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு, பக்கத்தில் வரும் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். மஞ்சுநாத்தின் கேப் வந்து நின்றது. பின்சீட்டில் இரண்டு பெண் ஊழியர்கள். முன்சீட்டு காலி. கண்ணீரே வந்துவிட்டது எனக்கு.

"நமஸ்காரா சார். வண்டி ஹோய்த்தா?" என்றார் மஞ்சுநாத். போச்சா என்று கேட்கிறார்.

"மஞ்சு, இவங்க என் ஒய்ஃப். ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விட்டுடு."

மஞ்சுநாத் கதவைத் திறக்கவில்லை. "சார், வெளி ஆளு ஆகுதே."

"என் ஒய்ஃப்பா!"

"கொத்து சார், தெரியுது. அன்னைக்கு மழையில நான் ஏத்தினது என் தங்கச்சி. ஃபைன் போட்டீங்க. ஃபேமிலியா இருந்தாலும் வெளி ஆளுதான்னு மீட்டிங்ல சொன்னீங்க."

"இப்ப நான் சொல்றேன், ஏத்திக்கோ."

"வாயால சொன்னா செல்லாது, மெயில் வேணும்னும் நீங்கதான் சார் சொன்னீங்க. மேல கேமரா இருக்கு. மெயில் போட்டுடுங்க, கூட்டிட்டுப் போறேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தால் திட்டியிருப்பேன். பயந்துதான் பேசினார். அந்தப் பயத்தை உண்டாக்கியது நான். நடு மேம்பாலத்தில் நின்று, வியர்வை சொட்டும் விரலால் மெயில் அடித்தேன். அனுப்பும்போதுதான் நினைவு வந்தது, சூப்பர்வைசர் தன் சொந்தக் குடும்பத்துக்கு அனுமதி தர முடியாது, மேனேஜர் தர வேண்டும். அதுவும் நான் எழுதின விதிதான். மேனேஜர் போனை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன்கள். பின்சீட்டிலிருந்து ஒரு பெண், "அண்ணா, லாகின் டைம் ஆகுது" என்றாள்.

"சாரி மேடம்" என்று கவிதாவிடம் சொல்லிவிட்டு மஞ்சுநாத் போய்விட்டார். காலி முன்சீட்டோடு.

கவிதா என்னைப் பார்த்தாள். இன்டர்வியூவைப் பற்றிக் கேட்கவில்லை.

"அவரு தங்கச்சிய ஏத்தினதுக்கா ஃபைன் போட்டீங்க? மழையிலயா?"

நான் கீழே தெரிந்த சார்ஜிங் ஸ்டேஷனைப் பார்த்தேன்.

ஒரு வழியாக டோல்காரர்களின் ரோந்து லாரி வந்தது. அதிலிருந்தவர் தமிழ் ஆள்.

"என்னண்ணா, பெட்ரோல் காலியா?"

"கரண்ட் காலி."

"பெட்ரோல்னா பாட்டில்ல ஒரு லிட்டர் ஊத்தி அனுப்பிடுவோம். கரண்டை எதுல ஊத்தறது?" என்று சிரித்தார். அன்றைக்கு யாருக்குமே கோபம் வரவில்லை. எனக்கு மட்டும்தான்.

லாரியின் முன்னால், டிரைவருக்கும் அவருக்கும் நடுவில், ஃபைலை மடியில் வைத்துக் கவிதா உட்கார்ந்தாள். பின்னால், வாடிய வாழைக்கன்று இன்னும் ஒரு பக்கம் தொங்கும் வண்டியைக் கட்டிப்பிடித்தபடி நான். பாலம் இறங்கியதும் அவள் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள். சுடிதாரின் தோளில் கிரீஸ் கறை. சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் ஆட்டோ போய்விட்டது. பத்து மணி எப்போதோ போய்விட்டிருந்தது.

லாரிக்காரர் என்னை ஒரு சார்ஜிங் இடத்தில் இறக்கினார். ஒரு மெஷினில் கார் நின்றது, இன்னொன்று வேலை செய்யவில்லை, மூன்றாவதன் ஆப்பை இறக்கிப் பெயர், ஊர், ஓ.டி.பி. எல்லாம் கொடுத்தேன். மூடியைத் திறந்தேன். சந்தனம் சிமென்ட் மாதிரி காய்ந்து, அதில் குங்குமமும் மல்லிகையும் பதிந்து, ஒரு சின்ன கர்ப்பகிரகமே உள்ளே இருந்தது. முந்தின ராத்திரி நான் ஓங்கி அழுத்தியதில் எல்லாம் ஓட்டைகளுக்குள் நன்றாக இறங்கியிருந்தது. சார்ஜ் ஏறாததற்குக் காரணம் இதுதான் என்று படம் எடுத்துக் கவிதாவுக்கு அனுப்பினேன். காருக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "பாஸ், அபிஷேகமும் பண்ணீங்களா?" என்றார். பண்ணினேன், ஹோஸ் பைப்பில், என்று சொல்லவில்லை. பக்கத்து மெக்கானிக், தொட மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கம்பெனி ஆள்தான் வர வேண்டும், அவர் வர இரண்டு நாள் ஆகும்.

முரளியின் அபார்ட்மென்ட் அடுத்த தெருதான். அங்கேயே விட்டுவிடலாம், அவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று, மெக்கானிக்கையும் சேர்த்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கேட்டில் வாட்ச்மேன் பசவராஜ் வழிமறித்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற மனிதர்.

"பேடா சார், வேணாம். ஈ வண்டி உள்ள போகக் கூடாது. பேஸ்மென்ட்ல சார்ஜிங் பந்த். அசோசியேஷன் ரூல்."

"எப்பல இருந்து?"

"ரெண்டு மாசம் ஆச்சு. முரளி சார் டெய்லி சண்டை. நிமகே கொத்தில்வா? உங்களுக்குச் சொல்லலையா?"

சொல்லவில்லை. வண்டியை வைக்கவும் சார்ஜ் போடவும் இடம் இல்லாமல்தான் என் தலையில் கட்டிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறான். அதையாவது விட்டுவிடலாம். நான் விடாமல் கேட்டேன்.

"அப்ப எங்க சார்ஜ் போட்டான்? முப்பது பர்சென்ட்ல ஓசூரெல்லாம் போயிட்டு வந்தானே?"

பசவராஜ் சிரித்தார். "போனாரு சார். வரும்போது வண்டி டெம்போ மேல வந்துச்சு. நான்தான் கயிறு அவுத்து இறக்கினேன்."

நான் கேட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போது கவிதா போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் இருப்பதாகச் சொன்னாள். வண்டியை அந்த கேட்டிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தோள் கறையைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள்.

"உள்ள விட்டாங்களா?"

"விட்டாங்க. ஒரு மேடம் வந்து பேசினாங்க. எமர்ஜென்சில கூப்பிட்டா ஓடி வர வேண்டிய வேலைம்மா, இன்டர்வியூவுக்கே இப்படின்னா எப்படின்னு கேட்டாங்க."

"நீ நடந்ததைச் சொல்லலையா?"

"என்னன்னு சொல்றது? எங்கம்மா பொட்டு வெச்சாங்கன்னா?"

பஸ் வந்தது. ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தாள். லிங்கராஜபுரம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தாள்.

அந்த வேலைக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். கவிதா இன்றும் அதே சின்ன லேபில் நின்றபடி ரத்தம் எடுக்கிறாள். நான் பழைய பைக்கிலேயே போகிறேன். மஞ்சுநாத்தின் ஃபைனை ரத்து செய்தேன். அவர் நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. எலெக்ட்ரிக் பைக் கெட்ட பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வண்டி முப்பத்தெட்டு என்றது, ஆமை காட்டியது, சிவப்பு விளக்கு போட்டது. தன்னால் முடிந்தவரை உண்மையைச் சொன்னது. வாங்கப் போகிறவர்கள் முதலில் உங்கள் மாடியைப் பாருங்கள், உங்கள் ஓனரைக் கேளுங்கள், அசோசியேஷனைக் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவனை மட்டும் கேட்காதீர்கள். தான் ஏமாந்ததை ஒத்துக்கொள்வதைவிட உங்களையும் ஏமாறவிடுவது அவனுக்குச் சுலபம்.

எங்கள் சொந்தத்தில் இது இப்போது பெரிய நகைச்சுவை. யார் வெளியே கிளம்பினாலும் "பொட்டு எங்க வெச்சீங்க?" என்று கேட்பார்கள். வளைகாப்பு, காதுகுத்து எதுவாக இருந்தாலும் முரளி எழுந்து நின்று நடித்தே காட்டுவான். மாமியார் சந்தனம் அப்புவது, நான் கும்பிடுவது, லாரியில் வண்டியைக் கட்டிப்பிடித்து வருவது. நன்றாகவே நடிப்பான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மாமியார் தலையைக் குனிந்துகொள்வார். கவிதா தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று எழுந்து உள்ளே போவாள். தண்ணீர் வராது.

டெம்போ விஷயத்தைக் கவிதாவிடம் சொன்னேன். "விடுங்க, தங்கச்சி மனசு கஷ்டப்படும். வீட்ல கத்தாதீங்க" என்றாள். சரி, கத்தவில்லை. எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

முரளி, இதை உனக்கு யாராவது அனுப்புவார்கள். பொங்கலுக்கு எல்லோரும் வேலூரில் கூடப் போகிறோம். சாப்பாடு முடிந்ததும் அந்தக் கதையைச் சொல் என்று கேட்பார்கள். சொல். ஆனால் இந்த முறை சந்தனத்திலிருந்து ஆரம்பிக்காதே, காலையில் நான் செய்த போனிலிருந்து ஆரம்பி. கவிதாவுக்கு இன்டர்வியூ என்று உன் காதில் விழுந்தது. 'வேண்டாம் சகல, கேப்பில் போயிடுங்க' என்று சொல்ல உனக்கு ஒரு மூச்சு போதும். ஏன் சொல்லவில்லை? என்னைத் தனியாக மாடிக்குக் கூட்டிப்போய்ச் சமாதானம் பேசாதே. குடும்ப குரூப்பில் சிரிக்கிற பொம்மை போட்டுத் தப்பிக்காதே. கவிதாவை உட்காரவைத்து, அவள் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்.